தேள் கொட்டி வலி அடங்கிய பிறகும் பயப்பட வேண்டுமா?

ஐந்து வயது மகளைக் கால் விரலில் தேள் கொட்டியது, ஒரு மணி நேரம் அழுதாள், வலி குறைந்ததும் தூங்கிவிட்டாள், காலையில் எழுந்து விளையாடப் போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் ‘தேள் கொட்டி எவர் செத்தார்’ என்கிறார்கள். இணையத்தில் தேடினால் இதயம், நுரையீரல், மரணம் என்றெல்லாம் வருகிறது. வெப்ப நாடுகளில் இருப்பவர்கள் இதில் யாரை நம்புவது, அங்கே ஏன் இவ்வளவு தேள்கடி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று தோன்றுகிறது: அன்று இரவு அவளைத் தூங்கவிட்டது சரியா, அடுத்த முறை நடந்தால் எதைப் பார்த்து முடிவெடுப்பது. அதற்கே பதில் சொல்கிறேன். நான் குழந்தைகள் நல மருத்துவன். செந்தேள் கொட்டிய குழந்தைகளைப் பல வருடங்களாக வார்டில் பார்த்து வருகிறேன். மெக்சிகோ, பிரேசில், வட ஆப்பிரிக்கத் தேள்களைப் பற்றி நான் சொல்வது படித்து அறிந்ததுதான், கையால் தொட்டுப் பார்த்த நோயாளிகள் அல்ல. இப்போதுதான் யாரையாவது தேள் கொட்டி இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், குழந்தையாக இருக்கும் பட்சத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பெரியவர்கள் சொல்வதும் இணையம் சொல்வதும் இரண்டுமே உண்மை. உலகில் 2,500க்கும் மேற்பட்ட தேள் இனங்கள் உண்டு. மனிதரைக் கொல்லக்கூடிய நஞ்சு உள்ளவை அவற்றில் சில பத்து இனங்கள்தான். 2008இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 12 லட்சம் பேரைத் தேள் கொட்டுகிறது, 3,000க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஆயிரம் பேரில் மூன்று பேருக்கும் குறைவு. அப்படியானால் ஒரு ஊரில் வாழ்நாள் முழுக்கத் தேள்கடியைப் பார்த்த ஒருவர் ஒரு சாவைக்கூடப் பார்க்காமல் இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த மூன்று பேர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் குழந்தைகள். தேள் ஆளைப் பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை. அறுபது கிலோ உடம்பில் பரவும் அதே அளவு பன்னிரண்டு கிலோ உடம்பில் பரவினால் செறிவு ஐந்து மடங்கு. ‘எங்களையெல்லாம் கொட்டாததா’ என்று தாத்தா சொல்வது அவர் உடம்புக்குப் பொருந்தும், பேத்தியின் உடம்புக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. கொட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நஞ்சு இறங்குவதில்லை. கொடுக்கின் குமிழுக்குள் இரண்டு நஞ்சுச் சுரப்பிகள் இருக்கின்றன, முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே இரண்டு நுண்துளைகள். சுரப்பியைச் சுற்றியுள்ள தசையை எவ்வளவு இறுக்குவது என்பது தேளின் கையில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பராபுதஸ் தேளை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. அந்தத் தேள் முதலில் பொட்டாசியம் உப்பு நிறைந்த தெளிவான ஒரு திரவத்தைத்தான் விடுகிறது. வலிக்கும், ஆனால் அதில் புரத நஞ்சு குறைவு. தொடர்ந்து தொந்தரவு செய்தால்தான் வெண்ணிறமான கெட்டி நஞ்சு வெளியே வருகிறது. புரத நஞ்சு செய்வதற்குத் தேளுக்குச் செலவு அதிகம், வீணாக்க அதற்கு மனமில்லை. உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகாததற்கு இனம் காரணமா, அளவு காரணமா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. இரண்டில் எது என்றாலும் அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மந்திரிப்பது, பச்சிலை கட்டுவது, கல் ஒட்டுவது எல்லாம் தேள்கடிக்குப் பெயர் பெற்றதற்கும் இதே கணக்குதான் காரணம். ஒன்றுமே செய்யாவிட்டாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் தானாகச் சரியாகிவிடும் ஒரு தொல்லைக்கு எதைச் செய்தாலும் பலிக்கும். அதில் எனக்குப் பெரிய கோபம் கிடையாது, ஒரு விஷயத்தைத் தவிர: மீதிப் பேருக்கு, மந்திரிப்பதில் கழிந்துபோகும் அந்த முதல் சில மணி நேரம்தான் உயிர். நான் பார்த்த கஷ்டமான நோயாளிகளில் பலர் தாமதமாக வந்தவர்கள்.

சரி, நஞ்சு உள்ளே போய் என்ன செய்கிறது? நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் அயனிகள் உள்ளே நுழையும் வாசல்கள் உண்டு. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து உடனே சாத்திக்கொள்ளும் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான தேள்களின் முக்கிய நஞ்சுப் புரதம் அந்தக் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு திரும்பத் திரும்பச் சுடுகிறது. வலி நரம்பில் இது நடந்தால் வலி. அது அந்த இடத்தோடு போகும். ஆனால் இதயம், ரத்தக்குழாய், குடல், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றை நாம் கேட்காமலே நடத்திக்கொண்டிருக்கும் தானியங்கி நரம்புகளில் நடந்தால் உடம்பு முழுக்கப் புயல் கிளம்புகிறது. மருத்துவத்தில் அதைத் தன்னியக்கப் புயல் என்றே சொல்கிறோம். முதல் கட்டத்தில் வாந்தி, எச்சில் ஒழுகுதல், குப்பென்ற வியர்வை, சில சமயம் நாடி மெதுவாவது. ஆண் குழந்தைகளுக்கு ஆணுறுப்பு விறைத்து நிற்கும். பெற்றோர் சொல்லக் கூச்சப்படுவார்கள், எனக்கு அது மிக முக்கியமான தகவல். அடுத்த கட்டத்தில் அட்ரீனலினும் நார் அட்ரீனலினும் ரத்தத்தில் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் ஓடுகிறது. சுருங்கிய குழாய்களுக்கு எதிராக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத் தசை சோர்ந்துபோகிறது. அதே ஹார்மோன்கள் தசையை நேரடியாகவும் பாதிக்கின்றன. இதயம் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. செந்தேள் கொட்டிய குழந்தை இறப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான்.

இது பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். குழந்தை வலிக்காக அழுவதை நிறுத்தியிருக்கும். விரலைக் காட்டச் சொன்னால் சாதாரணமாகக் காட்டும். கொட்டிய இடத்தில் வீக்கம்கூட இருக்காது. ஆனால் மின்விசிறிக்குக் கீழே இருந்தும் மேலுதட்டிலும் நெற்றியிலும் முத்து முத்தாக வியர்வை நிற்கும், துடைத்தால் மறுபடி வரும். உள்ளங்கையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், வயிற்றைத் தொட்டால் சூடாக இருக்கும். நெஞ்சில் விரலால் ஐந்து நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் சிவக்க மூன்று, நான்கு நொடி ஆகும். நல்ல உடம்பில் இரண்டு நொடிக்குள் திரும்பிவிடும். படுக்கவைத்தால் எழுந்து உட்காரப் பார்க்கும், உட்காரவைத்தால் தோளில் சாயும். எதிலும் நிலைகொள்ளாது. ‘வலி போய்விட்டது, ஆனா ஏதோ மாதிரி இருக்கா’ என்று அம்மா சொல்வார். அந்த ‘ஏதோ மாதிரி’ வந்தால் நான் உடனே ஈசிஜி மிஷினை இழுத்துக்கொண்டு வரச் சொல்வேன். இதற்குப் பிறகு வரும் இருமல், மூச்சிரைப்பு, வாயில் இளஞ்சிவப்பு நுரை எல்லாம் நுரையீரலில் நீர் கோத்ததற்கு அடையாளம்.

ஆகவே வலியை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு வரி நினைவிருந்தால் போதும் என்றால் அது இதுதான். நட்டுவாக்காலி எனும் பெரிய கருந்தேள் கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், உயிர் போகாது. ஈரானின் தென்மேற்கில் குஜிஸ்தான் பகுதியில் ஹெமிஸ்கார்பியஸ் லெப்டூரஸ் என்ற தேள் இருக்கிறது. அது கொட்டும்போது பலருக்கு வலியே சரியாகத் தெரிவதில்லை. அப்புறம்தான் தோல் கறுத்து அழுகுகிறது, சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகிறது, சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குப் போவதும் உண்டு. அது நரம்பைத் தாக்கும் நஞ்சே அல்ல, அணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. தேள் நஞ்சு என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஊருக்கு ஊர் வேறு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் மெக்சிகோவிலும் இருக்கும் சென்ட்ருராய்டிஸ் இனத் தேள்கள் இதயத்தைவிட நரம்பு-தசைத் தொடர்பை அதிகமாக ஆட்டிவைக்கின்றன. குழந்தையின் கண்கள் இரண்டும் இலக்கில்லாமல் சுழலும், நாக்கில் தசை துடிக்கும், கைகால் தூக்கித் தூக்கிப் போடும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைப்பார்கள், ஆனால் குழந்தைக்கு நினைவு இருக்கும். டிரினிடாட் தீவின் டிட்டியஸ் டிரினிடாட்டிஸ் கணையத்தை வீங்கவைப்பதில் பெயர் பெற்றது. மருத்துவ மாணவர்கள் கணைய அழற்சிக்கான காரணப் பட்டியலைப் படிக்கும்போது இந்தத் தேளைத் தனியாக மனப்பாடம் செய்வார்கள், அதன் பிறகு வாழ்நாளில் ஒருவரைக்கூடப் பார்க்கமாட்டார்கள். பிரேசிலின் மஞ்சள் தேளான டிட்டியஸ் செருலாட்டஸ் வேறு விதத்தில் தொல்லை. அதில் பெண் தேளுக்குக் குட்டி போட ஆண் துணை வேண்டியதில்லை. ஒரே ஒரு தேள் கழிவுநீர்க் குழாய்க்குள் போய்விட்டால் போதும், கரப்பான்பூச்சிகளைத் தின்றுகொண்டு ஒரு குடும்பமே பெருகிவிடும். அங்கே தேள்கடி நகரத்துப் பிரச்சினையாகி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

வெப்ப நாடுகளில் ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்டதற்கும் இங்கே பதில் இருக்கிறது. அண்டார்டிக்கா தவிர எல்லாக் கண்டங்களிலும் தேள் உண்டு, ஆனால் ஆபத்தானவை கிட்டத்தட்ட எல்லாமே புதிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலே சொன்ன ஈரான் தேள்தான் முக்கிய விதிவிலக்கு. அந்தக் குடும்பத்தின் கொடிய இனங்கள் வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, தெற்காசியா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ, தென்னமெரிக்கா என்று சூடான பகுதிகளில்தான் இருக்கின்றன. சூட்டில் தேள் அதிகம் நடமாடும், மனிதரும் வெளியே, தரையில், வெறுங்காலோடு இருப்பார்கள். இரண்டும் சந்திப்பது பெரும்பாலும் இருட்டிய பிறகு. அப்புறம், மருத்துவமனை எட்டிய தூரத்தில் இல்லாத இடங்களும் இதே வரைபடத்தில்தான் வருகின்றன. சாவு எண்ணிக்கையில் தேளின் பங்கு எவ்வளவோ அவ்வளவு பங்கு தூரத்துக்கும் உண்டு.

இனத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு. இடுக்கி தடித்து வால் மெலிந்திருந்தால் பெரும்பாலும் ஆபத்து குறைவு. இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் எச்சரிக்கை. இடுக்கியால் நசுக்கிக் கொல்ல முடியாத தேள்தானே நஞ்சை நம்ப வேண்டும், காரணம் அவ்வளவுதான். ஆனால் நடுராத்திரியில், அழும் குழந்தையை வைத்துக்கொண்டு, ஓடும் தேளின் இடுக்கியை யார் அளப்பது? ஈரான் தேள் இந்த விதிக்குள் ஒழுங்காக அடங்காது என்பதும் உண்டு. போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கொட்டு வாங்கிக்கொண்டு வருவது எல்லா அவசரப் பிரிவுக்கும் பழகிய காட்சி.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சோப்பு, தண்ணீரில் கழுவுங்கள். கையில் கொட்டியிருந்தால் மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, இடைவெளி விட்டு விட்டு வையுங்கள். எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். நஞ்சின் அளவு மிகச் சிறியது, ஊசிமுனைத் துளைக்குள் போனதை உறிஞ்சி எடுக்க முடியாது. கட்டுப் போடுவதால் இருக்கும் வலியோடு ரத்த ஓட்டம் நின்ற வலியும் சேரும். பிறகு நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தீவிரமான அறிகுறிகள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும். வளர்ந்த, ஆரோக்கியமான ஆளுக்கு அந்த இடத்து வலியைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் ஆறு மணி நேரம் பக்கத்தில் ஒருவர் இருந்து கவனித்தால் போதும். வாந்தி, வியர்வை, கைகால் குளிர்வது, மூச்சிரைப்பு, பார்வை தடுமாறுவது, தசை துடிப்பது, இதில் எது ஒன்று வந்தாலும் கிளம்ப வேண்டும். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். மகளைத் தூங்கவிட்டது தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. தூங்கினதில் தப்பில்லை. தூங்கும் குழந்தையின் நெற்றியையும் உள்ளங்கையையும் அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க, மூச்சை எண்ண ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஐந்து வயது என்பதால் நானாக இருந்தால் அந்த விழிப்பை மருத்துவமனைக் கட்டிலில் வைத்துக்கொண்டிருப்பேன்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்பதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. இந்தியச் செந்தேளுக்கு ஹொட்டென்டோட்டா தாமுலஸ் என்று பெயர், பழைய நூல்களில் மெசோபுதஸ் தாமுலஸ் என்றிருக்கும். மகாராஷ்டிராவின் கொங்கண் பகுதியில் இது அதிகம். அங்கே மகாட் என்ற சிறு நகரத்தில் வேலை பார்த்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இளம் உயிர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் சாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது தீவிர நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்தார்கள். வாந்தி, வியர்வை, ஆணுறுப்பு விறைப்பு, குளிர்ந்த கைகால் ஆகியவை இதயப் பாதிப்புக்கு முன்னறிவிப்பு என்று 1982இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். நான் உங்களைக் கவனிக்கச் சொன்ன அடையாளங்கள் அவர் சொன்னவைதான். 1986இல் அதே இதழில் அவரும் அவர் மனைவி பிரமோதினியும் பிரசோசின் மாத்திரையைப் பற்றி எழுதினார்கள். உயர் ரத்த அழுத்தத்துக்கு இருந்த மலிவான மாத்திரை அது. அட்ரீனலின் வந்து ஒட்டி ரத்தக்குழாயைச் சுருக்கவைக்கும் இடத்தை (ஏற்பி என்போம்) அடைத்துக் குழாயைத் தளர்த்துகிறது, இதயத்தின் சுமை இறங்குகிறது. இறப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கு வந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாத ஊரில், படுக்கைப் பக்கத்தில் நின்று கவனித்தே கண்டுபிடித்த மருத்துவம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை. ஒரு எச்சரிக்கை: இதை வாங்கி வீட்டில் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள். முதல் மாத்திரைக்கே ரத்த அழுத்தம் தடாலென்று விழக்கூடும், படுக்கவைத்து அழுத்தத்தை அளந்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து. வாந்தியாலும் வியர்வையாலும் நீர்ச்சத்து இழந்த குழந்தைக்கு இன்னும் கவனம் வேண்டும். அதே சமயம் சலைனை அள்ளி ஏற்றினால் நுரையீரலில் தேங்கும்.

தேள் விஷமுறிவு மருந்து விஷயத்தில்தான் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. துனீசியாவில் 825 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. தீவிரம் பார்க்காமல் வந்தவர்களுக்கெல்லாம் விஷமுறிவு மருந்து கொடுப்பதால் பலன் இல்லை என்றது. அதில் பெரும்பாலோர் லேசாகப் பாதிக்கப்பட்டவர்கள், தானாகவே தேறியிருப்பவர்கள், ஆகவே அது சரியான சோதனை அல்ல என்பது மறுதரப்பு. அரிசோனாவில் தீவிர நரம்பு அறிகுறியோடு வந்த 15 குழந்தைகளை வைத்து நடத்திய சிறிய ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. மருந்து பெற்ற எட்டுப் பேரும் நான்கு மணி நேரத்துக்குள் தெளிந்தார்கள், வெறும் திரவம் பெற்ற ஏழு பேரில் ஒருவர்தான் தெளிந்தார். 2011இல் வெளியான ஆய்வில் பாவஸ்கர் தம்பதி 70 பேரிடம் பிரசோசினை மட்டும் கொடுத்தும், விஷமுறிவு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள். சேர்த்துக் கொடுத்தவர்கள் சராசரியாக 8 மணி நேரத்தில் தேறினார்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குப் பதினேழரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. என் தீர்ப்பு: அந்தந்த ஊர்த் தேளுக்கென்றே செய்த மருந்து, உடம்பு முழுக்க அறிகுறி வந்த நோயாளிக்கு, முதல் சில மணி நேரத்துக்குள் என்றால் கொடுப்பதே நல்லது. நேரம் கடந்து, நஞ்சு ஏற்கெனவே நரம்பைப் பிடித்து, இதயம் சோர்ந்த பிறகு கொடுத்தால் எவ்வளவு பலன் என்பது சந்தேகம்தான். அந்தக் கட்டத்தில் ஆக்ஸிஜன், பிரசோசின், தேவைப்பட்டால் இதயத்துக்கு வலுவூட்டும் டோபுட்டமின் மருந்து, செயற்கைச் சுவாசம் இவைதான் கைகொடுக்கும். வெறும் வலி மட்டும் இருக்கிறவருக்கு விஷமுறிவு மருந்து தேவையில்லை. பாம்புக்கடி விஷமுறிவு மருந்து தேளுக்கு வேலை செய்யாது, இதில் சந்தேகமே கிடையாது.

வலிக்கு விரலடியில் லிக்னோகைன் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள், அதைவிட நிம்மதி வேறில்லை. ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் பல இடங்களில் பழக்கத்தால் போடப்படுகின்றன. தேள்கடி பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, நஞ்சு, ஆகவே அவற்றால் பலன் இல்லை. உண்மையான ஒவ்வாமை அதிர்ச்சியும் வரலாம், அரிதாக. உடம்பெல்லாம் தடிப்பும் முக வீக்கமும் அப்போது சேர்ந்து வரும். தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் டெட்டனஸ் ஊசி ஒன்று, அவ்வளவுதான்.

ஈசிஜியும் எக்கோவும் ஆரம்பத்தில் பயமுறுத்தும்படி இருந்தாலும், உயிர் பிழைத்த குழந்தையின் இதயம் பெரும்பாலும் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மாரடைப்பு வந்த இதயத்தைப் போலத் தழும்பாகி நின்றுவிடுவதில்லை. இதைக் கேட்டுத்தான் பெற்றோர் முகம் தெளியும். கொட்டிய விரலில் மரமரப்பும் கூச்சமும் சில நாட்களுக்கு, சிலருக்கு இரண்டு வாரம்கூட இருக்கலாம். சட்டை உரசினாலே சுரீர் என்னும். பயப்பட ஒன்றுமில்லை. விஷமுறிவு மருந்து போட்டிருந்தால் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது நஞ்சால் வருவதல்ல, மருந்துப் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு.

வீட்டில் இன்னும் தேள் இருக்குமோ என்ற பயத்துக்கு ஒரு வழி உண்டு. புறஊதாக் கதிர் டார்ச் ஒன்று வாங்கி, விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம், செங்கல் இடுக்கு, விறகு, குளியலறை மூலை என்று காட்டுங்கள். தேளின் மேலோடு அந்த வெளிச்சத்தில் நீலப்பச்சையாக ஒளிரும், ஐந்தாறு அடி தூரத்திலிருந்தே தெரியும். புதிதாகத் தோல் உரித்த தேள் மட்டும் மேலோடு கெட்டியாகும் வரை ஒளிராது. பூச்சிமருந்தை மட்டும் நம்ப வேண்டாம். தேள் இடுக்குக்குள் ஒளிந்துகொள்ளும், மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். மருந்து நெடியால் கலைந்து, இல்லாத அறைக்கும் ஓடி வருவது உண்டு. கரப்பான்பூச்சியை ஒழித்தால் அதன் சாப்பாடு போகும், விரிசலை அடைத்தால் அதன் இடம் போகும். செருப்பையும் ஷூவையும் உதறிப் போடுவது, கட்டிலைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுவது, போர்வை தரையில் தொங்காமல் பார்ப்பது எல்லாம் சின்ன வேலைகள்தான். முதுகில் குட்டிகளைச் சுமந்த தாய்த் தேளைப் பார்த்தால் அடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அடித்த அதிர்ச்சியில் குட்டிகள் நாலாபக்கமும் சிதறியிருக்கும்.

கடைசியாக, ‘ஒருமுறை கொட்டினால் அடுத்த முறை ஏறாது’ என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தீர்கள். அடிக்கடி கொட்டு வாங்குகிறவர்களுக்குத் தாக்கம் குறைவாக இருப்பதாக நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்கள் சிலரும் சொல்வதுண்டு. உடம்பு கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்வது நடக்கக்கூடாத காரியமும் அல்ல. ஆனால் அதை நம்பி ஒரு குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது உறுதிப்பட்ட விஷயம் இல்லை. எதிர்மாறாக, முந்தைய கொட்டு உடம்பை ஒவ்வாமைக்குத் தயார்ப்படுத்தி அடுத்த முறை மோசமாவதும் அரிதாக நடக்கிறது. மகளுக்கு இன்னொரு முறை கொட்டினால் முதல் முறை கொட்டியதாகவே வைத்துக்கொண்டு மணியைப் பாருங்கள், உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள், வண்டியை எடுங்கள்.